வேலூர் மலைகளில் கோடை நடை: காட்டுத்தீப் பருவத்தில் முதன்முறையாக ஏறுவோருக்கு

வேலூரைப் பற்றிய பழைய கேலியில் நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்பவற்றோடு மரமில்லா மலை என்பதும் சேர்ந்தே வரும். கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் 1981இல் திரும்பிவிட்டதால் அந்த வரியில் ஒன்று பொய்த்துப்போனது. மரமில்லா மலை என்பதை மட்டும் இன்னும் பலர் நம்புகிறார்கள். மரமே இல்லாத மலையில் எரிவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு, ஒரு தண்ணீர்ப் புட்டியோடு மார்ச் மாதத்தில் மலையேறக் கிளம்பிவிடுகிறார்கள். எரிவது புல். மரத்தைவிட விரைவாகப் பற்றுவதும், பற்றிய பின் மனிதனைவிட விரைவாக ஓடுவதும் அதுதான்.

இந்தக் கட்டுரை, பழைய வட ஆர்க்காட்டு மலைகளில் (இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில்) கோடையில் நடக்க விரும்பும் புதியவர்களுக்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதப்பட்டது.

முதல் படி: எந்த மலை எப்போது எரியும் என்று அறிதல்

ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் இருப்பவை பெரும்பாலும் இலையுதிர் காடுகள். தை கழிந்ததும் மரங்கள் இலைகளைக் கொட்டத் தொடங்கும். மாசி, பங்குனியில் தரையில் கணுக்கால் அளவுக்குச் சருகு கிடக்கும். கோடை மழை இரண்டு மூன்று முறை நன்றாகப் பெய்யும் வரை அந்தச் சருகு ஈரம் காணாது. ஆகவே பிப்ரவரி நடுவிலிருந்து மே இறுதி வரை தீப்பருவம் என்று கொள்ளுங்கள். கத்திரி வெயிலில்தான் ஆபத்து என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் கத்திரிக்கு முன்பே, வெயில் இன்னும் பொறுக்கக்கூடியதாகத் தோன்றும் மார்ச்சிலும் ஏப்ரலிலும்தான் மலைகள் அதிகம் எரிகின்றன.

இன்னொரு மயக்கமும் உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறைகிறது. வேலூரில் 40 டிகிரியில் வெந்தவருக்கு ஜமுனாமரத்தூரில் காற்று குளிர்ச்சியாகப் படும். அங்கே தீ எங்கிருந்து வரப்போகிறது என்று மனம் சொல்லும். நம் உடம்புக்குத் தெரியும் குளிர்ச்சி சருகுக்குத் தெரியாது. அது காய்ந்தது காய்ந்ததுதான்.

எதன் மேல் நடக்கிறோம் என்பதைப் பார்க்கப் பழகுங்கள். ஆளுயரத்துக்கு நிற்கும் காய்ந்த புல் நொடிகளில் பற்றி நிமிடங்களில் எரிந்து முடியும். உண்ணிச்செடிப் புதர் பச்சையாக இருக்கும்போதே எரியும். அடர்ந்து பின்னிக் கிடப்பதால் அதற்குள் ஆள் நுழைந்து தப்பவும் முடியாது. காய்ந்த மூங்கில் புதர் வெடித்து எரிந்து பொறியைத் தூரத்துக்கு வீசும். இவற்றுக்கு மாறாக, வேலூர் நகரைச் சுற்றியுள்ள குன்றுகளின் வெறும் கருங்கல் பாறைகளில் எரிய ஒன்றுமில்லை. மரமில்லா மலை என்ற கேலி, தீயின்போது ஒரு பாதுகாப்பாக மாறும் இடம் அந்தப் பாறைகள்தாம்.

இரண்டாம் படி: அனுமதி

காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பதோடு, உள்ளே நீங்கள் இருப்பது யாருக்கும் தெரியாது என்பதுதான் பெரிய சிக்கல். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், மலையேற்றத்துக்குச் சென்ற குழுவினர் புல்சரிவில் தீக்குள் சிக்கினார்கள். மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டு, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு இணையத்தில் முன்பதிவுக்குக் கிடைக்கின்றன. தீப்பருவத்தில் இப்பாதைகள் மூடப்படுவதுண்டு. மூடியிருந்தால் அதற்கு மாற்று வழி தேடாதீர்கள்; பின்பக்கமாக ஆட்டுத்தடத்தில் ஏற்றிவிடுகிறேன் என்று சொல்பவரை நம்பிப் போவதைவிட, அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உறங்குவது நல்லது.

திட்டத்தில் இல்லாத இடமென்றால் அந்தந்தப் பகுதியின் வனச்சரக அலுவலகத்தில் (ஒடுகத்தூர், ஆலங்காயம், ஜமுனாமரத்தூர் என்று இடத்துக்கேற்ப) நேரில் கேளுங்கள். தொலைபேசியில் ஒரு சொல்லில் முடியும் பதில், நேரில் போனால் நீளும். எந்தச் சரிவில் நேற்று எரிந்தது, எங்கே தீத்தடுப்புக் கோடு வெட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். தீத்தடுப்புக் கோடு என்பது புல்லையும் சருகையும் நீக்கி அகலமாகத் துப்புரவு செய்த பட்டை. தீ அதைத் தாண்டாமல் நிற்க வேண்டும் என்பதற்காக வெட்டப்படுவது. நடப்பவருக்கு அது தப்பும் வழியுமாகும் என்பதால் அது ஓடும் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மலைக்கிராமத்தில் விசாரிப்பதையும் விடாதீர்கள். ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் காற்றை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். “அண்ணா, இன்னைக்கு மேல போகலாமா?” என்று கேட்டு, அவர் மலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு “சாயங்காலமா வாங்க” என்றால், வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்லியிருக்கிறார் என்று புரிந்துகொண்டு திரும்பிவிடுங்கள்.

மூன்றாம் படி: முந்தைய நாள்

இந்திய வன அளவீட்டு நிறுவனம் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு தீ எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. நாசாவின் ‘ஃபர்ம்ஸ்’ வரைபடத்திலும் எரியும் இடங்கள் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். இரண்டையும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் புதியவர்கள் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள்: புள்ளி இல்லையென்றால் தீயும் இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள். இவற்றுக்குத் தரவு தரும், செயற்கைக்கோளில் உள்ள விஐஐஆர்எஸ் என்ற கருவி, 375 மீட்டர் அளவுள்ள கட்டங்களாகப் பூமியைப் பார்க்கிறது; அது நம் தலைக்கு மேல் வருவது பகல் ஒன்றரை மணி அளவிலும் இரவு ஒன்றரை மணி அளவிலும்தான். பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு பீடித்துண்டால் பற்றிய புல், நள்ளிரவு தாண்டியே வரைபடத்துக்கு வரும்; அதற்குள் எரிந்து அணைந்துவிட்டால் வராமலே போகும். ஆகவே புள்ளி இருந்தால் போகாதீர்கள். இல்லையென்றால், அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

வானிலை அறிவிப்பில் வெப்பத்தைவிடக் காற்றையும் இடிமழை எச்சரிக்கையையும் பாருங்கள். சித்திரை, வைகாசியில் மாலை இடிமழைக்கு முன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு காற்று அடிக்குமே, அந்தக் காற்று மலைச்சரிவில் எரியும் தீயின் திசையை ஒரே நிமிடத்தில் மாற்றிவிடும். மழை வருகிறது, தீ அணைந்துவிடும் என்று மகிழ்வதற்கு முன் அந்தக் காற்று வந்து சேர்ந்துவிடும்.

கீழே இருக்கும் ஒருவரிடம் பாதை, ஆட்களின் எண்ணிக்கை, திரும்பும் நேரம், அந்த நேரம் தாண்டினால் யாரை அழைப்பது என்பவற்றை எழுதிக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது பதற்றத்தில் மறந்துபோகும்.

நான்காம் படி: உடையும் பையும்

பளபளப்பான விளையாட்டு உடை வேண்டாம். பாலியெஸ்டரும் நைலானும் வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்திக் காற்சட்டை, கணுக்காலை மூடும் தோல் காலணி, தொப்பி, ஒரு பெரிய பருத்தித் துண்டு ஆகியவை போதும். தண்ணீர் ஆளுக்கு நான்கு லிட்டருக்குக் குறையக் கூடாது. கோடையில் நம் மலைச் சுனைகளை நம்பிப் போவது தண்ணீரில்லாமல் போவதற்குச் சமம். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், ஊதல், டார்ச், முழு மின்னேற்றம் செய்த கைப்பேசி, இணைப்பின்றியும் திறக்கும் வரைபடம். தீப்பெட்டியும் லைட்டரும் கீழேயே இருக்கட்டும்.

ஐந்தாம் படி: ஏறும்போது

ஆறு மணிக்குள் நடக்கத் தொடங்கி, பதினொன்றுக்குள் அடிவாரத்தில் இருக்குமாறு திட்டமிடுங்கள். இது வெயிலுக்காக மட்டும் சொல்வதன்று. இரவின் குளிர்ந்த காற்று விடியலிலும் சரிவில் மேலிருந்து கீழாகவே இறங்கும். வெயில் ஏறிப் பாறை சுட்ட பிறகு அது திசை மாறி, கீழிருந்து மேலாக வீசத் தொடங்கும். நண்பகலிலிருந்து நான்கு மணி வரை காற்றில் ஈரம் மிகக் குறைந்து, மேல்நோக்கிய காற்றும் வலுத்திருக்கும். உச்சி கண்ணுக்கெதிரே தெரிந்தாலும் ஒன்பது மணிக்குத் திரும்புவது என்று கீழேயே முடிவு செய்துவிடுங்கள். மேலே போய் முடிவெடுக்கும்போது உச்சி வாதாடும். அதனோடு வாதாடி வென்றவர்கள் குறைவு.

நடக்கும்போது ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் ஒருமுறை நின்று இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். இப்போது கீழே புகை எழுந்தால் நான் போய் நிற்கக்கூடிய வெட்டவெளி எது? அங்கே போக இரண்டு வழிகள் உண்டா? வெட்டவெளி என்பது பெரிய வெறும்பாறைப் பரப்பாகவோ, உழுத கொல்லையாகவோ, அகலமான மணல் ஓடையாகவோ, ஏற்கெனவே முழுதும் எரிந்து கருகிய நிலமாகவோ இருக்கலாம். இடுப்பளவுப் புல் சூழ்ந்த சிறுபாறை வெட்டவெளி ஆகாது. உயரமான புல்லின் அனல் பல மீட்டர் தூரம் பாயும். விடை கிடைக்காத சரிவில் மேலும் ஏறாதீர்கள். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் கைக்கொண்டு மற்றவற்றை மறந்தாலும் பாதிக்கு மேல் பாதுகாப்பு வந்துவிடும் என்பது என் கணிப்பு.

குழு ஐந்து ஆறு பேருக்குள் இருக்கட்டும். மிகவும் மெதுவாக நடப்பவர் முன்னே செல்லட்டும். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்து ஆந்திர எல்லைக் காடுகளில் யானை நடமாட்டமும் உண்டென்பதால், அங்கே கோடையில் வனத்துறையினர் துணையின்றி நடக்கவே கூடாது. தீயிலிருந்து விலகும் யானையும் நீங்களும் ஒரே ஓடையை வழியாகத் தேர்ந்தெடுக்க நேரலாம்.

ஆறாம் படி: புகை தெரிந்தால்

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனியில், ஜவ்வாது மலைச் சரிவொன்றில் நாங்கள் நால்வர் ஏறிக்கொண்டிருந்தபோது, கீழே பள்ளத்தில் ஒரு மெல்லிய புகைக் கோடு தெரிந்தது. கொல்லையில் யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். அப்படித்தான் இருக்கும் என்று மற்றவர்கள் தலையாட்டினோம். இருபது நிமிடம் கழித்து, கருகிய புல்லின் துணுக்கு ஒன்று என் சட்டைக் கையில் வந்து விழுந்தது. அதற்குப் பிறகே இறங்கினோம். பக்கவாட்டில் ஒரு வறண்ட ஓடையைத் தாண்டி மறுகரைக்குப் போனதால் தப்பினோம். குப்பைதான் என்று சொன்னவர் மீது எனக்கு வருத்தமில்லை. நானும் அதையே நம்ப விரும்பினேன்.

ஆகவே புகை தெரிந்ததும் விவாதம் வேண்டாம். அது எங்கே, காற்று எந்தப் பக்கம், நீங்கள் அதற்கு மேலா கீழா என்ற மூன்றையும் பாருங்கள். புகைத் தூண் நேராக மேலே போனால் காற்று குறைவு. ஒரு பக்கம் படுத்தால் தீயும் அந்தப் பக்கமே ஓடும். தூண் இடம் மாறாமல் பருத்துக்கொண்டே வந்தால் அது உங்களை நோக்கி வருகிறது என்று கொள்ளுங்கள்.

தீ உங்களுக்குக் கீழே இருந்தால் மேலே ஓடாதீர்கள். கால்கள் உச்சியை நோக்கித்தான் போக விரும்பும். ஆனால் சரிவில் தீயின் நாக்கு மேல்புறப் புல்லை நோக்கிச் சாய்ந்து, தொடுவதற்கு முன்பே அதை உலர்த்திவிடுகிறது. சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அதாவது 20 டிகிரிச் சரிவில் சமதரையைப் போல நான்கு மடங்கு. மனிதனோ ஏற்றத்தில் மெதுவாகிறான். எனவே சரிவின் குறுக்கே, தீயின் விலாப்புறத்தை நோக்கி நடந்து, அதன் ஓட்டப் பாதையிலிருந்து விலகிய பின் கீழே இறங்குங்கள். இரு முகடுகளுக்கு நடுவே உள்ள கணவாயும், மேல்நோக்கிக் குறுகும் பள்ளமும் புகைபோக்கி போல அனலை இழுக்கும். எவ்வளவு எளிய வழியாகத் தெரிந்தாலும் அவற்றுக்குள் நுழையக் கூடாது.

நடந்துகொண்டே 112க்கோ, தீயணைப்புக்கான 101க்கோ அழையுங்கள். ஜவ்வாது மலையின் உட்பகுதிகளில் பேச்சு இணைப்பு கிடைக்காத இடங்கள் நிறைய. பேச முடியாத இடத்திலும் குறுஞ்செய்தி சில நேரம் போய்விடும். கீழே உள்ளவருக்கு வரைபடத்தில் காட்டும் இட எண்களையும், அருகிலுள்ள கிராமத்தின் பெயரையும், ஆட்களின் எண்ணிக்கையையும் அனுப்புங்கள். படம் எடுப்பதற்கு நிற்காதீர்கள். தீயை அணைக்கவும் முயலாதீர்கள். பச்சைக் கிளைகளால் அடித்து அணைப்பது வனத்துறையின் தீக்காவலர்கள் பழகிய வேலை, காற்றின் திசையறிந்து செய்யப்படுவது.

ஏழாம் படி: தீ நெருங்கிவிட்டால்

பையில் எரியக்கூடியதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தண்ணீரையும் துண்டையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெறும்பாறைப் பரப்பின் நடுப்பகுதிக்குச் சென்று, தீ வரும் பக்கத்தை மறைக்கும் ஒரு பெரிய பாறையின் பின்னே ஒண்டிக்கொள்ளுங்கள். குகைக்குள்ளும் பாறை இடுக்குக்குள்ளும் போகாதீர்கள். புகை அங்கே தேங்கி மூச்சை அடைக்கும். பாறையே இல்லையென்றால் ஒரு தாழ்ந்த இடத்தில் சருகைத் துடைத்தெறிந்து, தீயின் பக்கம் கால்களை நீட்டிக் குப்புறப் படுத்து, முகத்தை மண்ணருகே வைத்து மூச்சு விடுங்கள். தரையையொட்டிய காற்றுதான் குளிர்ந்தது. வாயையும் மூக்கையும் உலர்ந்த பருத்தித் துணியால் மூடுங்கள். நனைத்த துணிதான் நல்லது என்று பலரும் சொல்வார்கள். ஆனால் கடும் அனலில் அந்த ஈரம் ஆவியாகி மூச்சுக்குழலைச் சுடக்கூடும்.

புல்தீயின் முன்னணி ஓர் இடத்தைக் கடக்க ஒரு நிமிடமோ அதற்குச் சற்று மேலோதான் ஆகும். அந்த நேரத்தில் எழுந்து ஓடியவர்களுக்குத்தான் அதிகம் சுடுகிறது. குரங்கணியில் பள்ளத்தில் விழுந்தும் பலர் அடிபட்டார்கள். கடந்தபின், எரிந்து முடிந்த கரிநிலத்துக்குள் நகருங்கள். அங்கே தீ மறுபடி வராது, எனினும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் அடிக்கட்டைகளும், வேர் எரிந்து சாயக் காத்திருக்கும் மரங்களும், பிடிமானம் இழந்து உருளும் கற்களும் உண்டு. சாம்பல் மூடிய குழியில் கால் வைக்குமுன் கோலால் தட்டிப் பாருங்கள். புகையால் கலைந்த மலைத்தேனீக்கள் கண்ணில் பட்டால் கத்தாமல் விலகுங்கள்.

எட்டாம் படி: சுட்டுக்கொண்டாலும் வெப்பம் தாக்கினாலும்

தீக்காயத்தின் மேல் இருபது நிமிடம் தண்ணீர் ஊற்றுங்கள். சுமந்து வந்த தண்ணீர் குறைவென்றால் சிறுகச் சிறுக. மோதிரம், வளையல், கடிகாரம் ஆகியவற்றை வீக்கம் காணுமுன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். பற்பசை, மை, இட்லி மாவு எதுவும் வேண்டாம். மருத்துவர் அதையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும், வலி உங்களுக்கு. சுத்தமான துணியால் தளர்வாக மூடி 108க்கு அழையுங்கள். புகை குடித்தவர் குரல் கம்மினாலோ, மூக்கு முடி கருகியிருந்தாலோ, வெளிக்காயம் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

தீயே இல்லாமலும் நம் ஊர் வெயில் ஆளைச் சாய்க்கும். கூட வருபவர் உளறத் தொடங்கினாலோ, தள்ளாடினாலோ அது களைப்பன்று, வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் நனைத்து விசிறுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஒன்பதாம் படி: நம்மால் பற்றாதிருக்க

நம் மலைகளில் தீ பெரும்பாலும் மனிதரால் வருவது. புதுப்புல் துளிர்க்கட்டும் என்று வைக்கும் தீ, அணைக்காத பீடி, தேன் எடுக்க மூட்டிய புகை, பௌர்ணமி இரவில் மலைக்கோயில் வழியில் ஏற்றிய கற்பூரம். பருவதமலை போன்ற இடங்களுக்கு வேண்டுதலோடு போகிறவர்கள், கற்பூரத்தைச் சந்நிதியில் மட்டும் ஏற்றுவது என்று வைத்துக்கொண்டால் சாமி கோபித்துக்கொள்ளமாட்டார். பலரும் கவனிக்காத ஒன்று: நீண்ட தூரம் ஓடி வந்த இருசக்கர வாகனத்தின் சூடான சைலன்சர், அடியில் உள்ள காய்ந்த புல்லைப் பற்றவைக்கும். வண்டியை மண்தரையிலோ தார்ச்சாலை ஓரத்திலோ நிறுத்துங்கள்.

பத்தாம் படி: இறங்கியதும்

வனச்சரக அலுவலகத்திலோ சோதனைச் சாவடியிலோ திரும்பிவிட்டோம் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நீங்கள் வீட்டில் குளித்துக்கொண்டிருக்கும்போது உங்களைத் தேடி ஒரு தீக்காவலர் சரிவில் ஏறிக்கொண்டிருப்பார். வழியில் கண்ட புகை, அணையாத அடிக்கட்டை, பாதையில் விழுந்த மரம் எல்லாவற்றையும் இடத்தோடு தெரிவியுங்கள். முந்தைய நாள் யாரிடம் காகிதம் எழுதிக் கொடுத்தீர்களோ அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி, அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே பாதையென்றாலும் புதிதாக எழுதுங்கள், நேரமும் ஆட்களும் மாறியிருக்கும்.